உருப்படிக் கணக்கு

அன்புள்ள கார்த்திக்கு,

நானும் அம்மாவும் நலம். அவள் முழங்கால் பரவாயில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் சொல்லலாம் என்றால் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மேக்ஸை மூன்று மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பங்குனியில் விட்டுவிட்டுப் போனாய். ஐப்பசி பிறந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன். நெற்றியில் வெள்ளைக்கோடு இருப்பதால் அம்மா அவனை நாமக்காரன் என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கும் வாலாட்டுகிறான்.

போன ஞாயிறு சுமதி பிள்ளைகளோடு வந்திருந்தாள். நான்கு வாண்டுகளும் ஆளுக்கொரு பக்கம் ஓட, இவன் சுற்றிச் சுற்றி வந்து பத்தே நிமிடத்தில் நால்வரையும் ஹாலில் சோபா ஓரமாக ஒதுக்கிவிட்டான். பால்கனிக்கு நழுவப் பார்த்த கடைக்குட்டியின் குதிகாலில் மட்டும் ஒரு சின்னக் கவ்வல். பல் படவில்லை. ஆனாலும் சுமதி போட்ட கூச்சல் பெரம்பூர் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். வேப்பேரி டாக்டரிடம் கேட்டேன். ஓநாய் இரையை உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கடித்துக் கொல்லும்; ஆடு மேய்க்கவென்றே வளர்த்த இந்தப் பார்டர் கோலி ஜாதியில் முதல் மூன்றை வளர்த்துக் கடைசியை மழுங்கடித்திருக்கிறார்கள், ஆடு இல்லாத வீட்டில் அது மனிதர்களை மேய்க்கும் என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார். உண்ணிக்கு யாராவது ஐவர்மெக்டின் ஊசி போடச் சொன்னால் கேட்காமல் போட்டுவிடக் கூடாதாம். கோலி வகை நாய்கள் சிலவற்றின் மரபணுக் கோளாறால் அந்த மருந்து மூளைக்குப் போய்விடுமாம். நீயும் குறித்து வைத்துக்கொள்.

மேய்ப்பு எனக்கும் உண்டு. காலை ஐந்தரைக்குக் கட்டில் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்து, கழுத்தைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்க்கிறான். குரைப்பதில்லை. ஐ.சி.எஃப்பில் முப்பத்து நான்கு வருடம் பார்வையாலேயே வேலை வாங்கியவன் நான். இவனிடம் என் பார்வை செல்லவில்லை, எழுந்து சங்கிலியை எடுத்துவிடுகிறேன். அதுவும் நல்லதுதான். ஏழு மணிக்கு மேல் அந்த ரோமத்தோடு இந்த ஊர் வெயிலில் அவன் நடக்க முடியாது.

ஒரு தப்பும் செய்தேன். எவர்சில்வர் தட்டில் வெயில் பட்டுச் சுவரில் வெளிச்சம் ஆடியதை அவன் துரத்தினான். வேடிக்கையாக இருக்கிறதே என்று நானே நாலு நாள் தட்டை ஆட்டிக் காட்டினேன். ஐந்தாம் நாள் சோறுகூட வேண்டாம் என்று வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவர்களுக்கு அது பித்தாகவே பிடித்துக்கொள்ளுமாம். டாக்டர் திட்டிய திட்டு! இப்போது அம்மா தட்டைத் துணி போட்டு மூடி எடுத்து வருகிறாள்.

இவன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1893-இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லண்டில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வம்சம்தானாம் இன்றைய பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே. உன் நியூகாசிலுக்குப் பக்கத்து மண். அந்தக் குளிருக்குப் பிறந்தவன் பெரம்பூரில் ஃபேனடியில் கிடக்கிறான், பெரம்பூரில் பிறந்தவன் அங்கே போய்க் கிடக்கிறான். சரி, விடு.

அமெரிக்காவில் சேசர் என்ற ஒரு பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயர்களைத் தெரிந்துவைத்திருந்ததாம். நம்மவனுக்கு நான் தமிழ் சொல்லித் தருகிறேன். செருப்பு, பேப்பர், கண்ணாடி, மூன்றையும் சரியாகக் கொண்டுவருகிறான். சொல்லித் தராத ஒரு பெயரும் தெரிகிறது. அன்றைக்கு அம்மா வாய்தவறி "நித்யா இருந்தா" என்று ஆரம்பித்தாள். வாக்கியம் முடிவதற்குள் வாசல் கதவருகே போய் நின்றுவிட்டான். அரைமணி நேரம் நகரவில்லை.

நீ வீடியோவில் வந்தால் தலையைச் சாய்த்துக் கேட்கிறான். பிறகு போனுக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறான். நீ வைத்த பிறகும் இன்னொரு குரல் வருமென்று உட்கார்ந்திருக்கிறான். நித்யா அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்று ஆனியில் சொன்னாய். ஆவணியிலும் அடுத்த மாதம் என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளிக்கு அம்மா அவளுக்கு ஒரு மயில்கழுத்துக் கலர் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்.

ராத்திரி பத்துக்கு அறை அறையாகப் போகிறான். அம்மாவை முகர்கிறான், என்னை முகர்கிறான், உன் பழைய கட்டிலை முகர்கிறான். திரும்பவும் முதலிலிருந்து. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போட்ட காலத்தில் அந்தியில் செம்மறிகளை ஒவ்வொன்றாக விட்டு எண்ணுவாராம். உருப்படி ஒன்று குறைந்தாலும் சோற்றில் கை வைக்கமாட்டாராம். நான் அந்தப் பரம்பரைதான். ஆனால் நான் என்ன செய்தேன்?

மணி ஓடிப்போகவில்லை கார்த்தி. நீ அரைப்பரீட்சை லீவில் ஊருக்குப் போயிருந்தாய். வீட்டுக்காரர் தினமும் சண்டை. மணியை ரயிலில் ஏற்றிக் கும்மிடிப்பூண்டியில் ஒரு டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்தேன். நீ வந்ததும் கேட் திறந்திருந்தது, ஓடிவிட்டான் என்றேன். ஊருக்குக் கிளம்பும்போது கடைசியாக வெளியே வந்தது நான்தானேப்பா என்று கேட்டாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம் ஒரு மாதம் தினமும் ராத்திரி எழுந்துபோய்க் கேட் கொண்டியை ஆட்டிப் பார்த்தாய். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எங்கே கிளம்பினாலும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாய். நித்யா கேலி செய்வாள், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கேட்டைத் திறந்து வைத்தது நீ இல்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. சொல்வதானால் சொல்.

வெடிச் சத்தம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாளும் அவனோடு உள்ளறையில் ஜன்னலை மூடிக்கொண்டு நானும் இருந்துவிடுவேன். இந்த மாதம் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். அவன் ஊசிப் புத்தகம் உன்னிடம் இருக்கிறதா, நித்யாவிடம் இருக்கிறதா? அவளிடம் என்றால் நானே போன் செய்து கேட்கட்டுமா? நீ சொன்னால்தான் கேட்பேன்.

காதை மூடிக்கொண்டு போ.

அப்பா