63 பைட்டோடு நின்ற பெயர்கள்

பாயான் லெப்பாஸ்,
பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் ஜவுளிக்கடைக் கணக்கைப் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஏற்றி, டேபிளின் நெடுவரிசைப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் போன மாதம் நான் பட்ட பாட்டை முதலில் கேள்.

எங்கள் ஆபீஸ் ரிப்போர்ட்டில் இந்த மாத நிலுவையும் போன மாத நிலுவையும் ஒரு சென் பிசகாமல் ஒன்றாக இருந்தன. எல்லாக் கிளைக்கும் அப்படியே. தரவு சரி, டேபிள்களை இணைக்கும் ஜாயினும் சரி. இரண்டு நாள் டாஷ்போர்டைக் குடைந்தேன். அதே குவெரியைப் போஸ்ட்கிரஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் நேராக ஓட்டியபோதுதான், பெயர் வெட்டப்படும் என்று ஒரு நோட்டீஸ் வரி வந்தது. எரர் இல்லை என்பதால் குவெரி ஓடிவிடும். எங்கள் டூல் அந்த வரியைக் காட்டவே இல்லை.

யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று நான்தான் மலாயில் முழு நீளத்துக்கு ஏலியாஸ், அதாவது குவெரியில் நெடுவரிசைக்கு வைக்கும் மாற்றுப் பெயர், கொடுத்திருந்தேன்: 'லாப்போரான்_துங்காக்கான்_பாயாரான்_பெலாங்கான்_மெங்கிகுட்_சாவாங்கான்_டான்_பூலான்_செமாசா'. மலாயின் ரோமன் எழுத்தான ரூமியில் அடிக்கோடுகளோடு 70 எழுத்து. இது இந்த மாத நிலுவைக்கு; போன மாத நிலுவைக்குக் கடைசிச் சொல் மட்டும் 'லெப்பாஸ்'. போஸ்ட்கிரஸ் பெயரை 63 பைட்டோடு நிறுத்திவிடும்; ரூமியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். எண்ணிப் பார்த்தேன், 'பூலான்' முடிகிற எழுத்துதான் 63ஆவது! இரண்டும் ஒரே பெயராகிவிட்டன. டூல் பெயரைப் பார்த்து மதிப்பை எடுப்பதால் இரண்டு கட்டத்திலும் ஒரே தொகை.

ஓராக்கிள் டேட்டாபேஸில் 30 பைட்டுக்குள் அடக்க நாம் பெயர்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதினோமே, நினைவிருக்கிறதா? அதன் 12.2 பதிப்பு வந்துதான் வரம்பு 128 பைட் ஆனது. அங்கே பெயர் நீண்டால் எரர் வந்து நின்றுவிடும். அது எவ்வளவோ மேல்.

இப்போது உன் விஷயம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு. 'வாடிக்கையாளர்' மட்டுமே 39 பைட். 'வாடிக்கையாளர்_நிலுவைத்_தொகை' என்று வைத்தாயானால் 'வாடிக்கையாளர்_நிலுவைத' என்று புள்ளிகூட இல்லாமல் நிற்கும். தமிழ் அப்படி அறுபட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. டேபிளில் 'நிலுவை' போதும். முழுத் தலைப்பை ரிப்போர்ட் டூலின் டிஸ்ப்ளே நேமில் கொடு. சில டூல்கள் அந்தத் தலைப்பையே ஏலியாஸாக அனுப்பிவிடும், அதனால் அது உருவாக்கும் எஸ்கியூஎல்லை ஒருமுறை திறந்து பார்த்துவிடு.

அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தண்ணீர்மலைக் கோயில் படி ஏறியே தீருவேன் என்கிறார். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு வா. டேபிள் டிசைனை முன்னாடியே அனுப்பிவை, பெயர்களை நான் எண்ணித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்