பர்வதமலைக்குப் போகிற பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மே மாசக் கடைசியில் ஆபீஸ் பசங்களோடு பர்வதமலை ஏறப்போவதாக அப்பாவிடம் மட்டும் சொன்னாயாமே. அம்மா தடுப்பாள் என்ற பயமா? தடுக்க மாட்டேன். போளூரில் வளர்ந்துவிட்டு அந்த மலையை ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் புனேயில் வாராவாரம் கோட்டை ஏறுகிறோமே என்ற தெம்பில் மட்டும் வராதே. அங்கே நீங்கள் போவது மழைக்காலத்தில். இங்கே கத்திரி வெயில்.

மலை 4560 அடி உயரம், உச்சியில் சிவன் கோயில். அடிவாரத்துத் தென்மாதிமங்கலத்திலிருந்து பச்சையம்மன் கோயில் வரைக்கும் சும்மா நடைதான். வீரபத்திரர் கோயிலைத் தாண்டிப் படிக்கட்டு. பாதிப் பேர் அதிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். கடலாடி வழி கிட்டம் என்று எவனாவது சொல்வான். கிட்டம்தான், செங்குத்தும்கூட. புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகாதே.

மரநிழல் முடிகிற இடத்தில் கடப்பாறைப் படி ஆரம்பிக்கும். மொட்டைப் பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கிச் சங்கிலி கட்டியிருப்பார்கள். ஒரு கம்பியை இறுகப் பிடித்த பிறகுதான் அடுத்த காலுக்கு இடம் தேடணும். அதற்கு மேலேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓர் ஆள் போகிற அகலத்துக்குப் பாறை முதுகு, ரெண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். எதிரே கூட்டம் இறங்கி வந்தால் முண்டாதே. கம்பியைப் பிடித்து ஒட்டி நின்று வழி விடு, "அரோகரா" சொல்லிக்கொண்டே அவர்கள் போய்விடுவார்கள். செல்பி எல்லாம் கோயில் வாசலில் எடுத்துக்கொள்ளலாம்.

வெயில் ஏறினால் அந்தக் கம்பியைத் தொட முடியாது, கை பொசுங்கிவிடும். அதனால் விடிந்ததும் ஏற ஆரம்பித்து, பத்து மணிக்குள் கடப்பாறையைத் தாண்டிவிடுங்கள். ஆளுக்கொரு துண்டு இருக்கட்டும், நனைத்துக் கையில் சுற்றிக்கொள்ளலாம். உச்சி வெயில் நேரத்தில் மேலே கோயிலிலேயே ஒதுங்கியிருந்துவிட்டு, வெயில் தாழ இறங்குங்கள். ஏறும்போது பாறை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், இறங்கும்போதுதான் பள்ளம் தெரியும். செங்குத்தான இடத்தில் பாறையைப் பார்த்தபடியே ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்கு.

தண்ணீர் ஆளுக்கு மூணு லிட்டராவது எடுங்கள். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் நான் கலந்து தருகிறேன். எதையும் கவரில் போட்டுக் கையில் தொங்கவிடாதே, குரங்கு பிடுங்கிக்கொள்ளும். கற்பூரம் மறக்காதே. மல்லிகார்ஜுனருக்கும் பிரமராம்பிகைக்கும் நாமே அபிஷேகம் பண்ணலாம், நாமே தீபம் காட்டலாம். எனக்கு அந்தக் கோயிலில் பிடித்ததே அதுதான்.

கூட வருகிறவர்களில் யாருக்காவது கடப்பாறையைப் பார்த்ததும் கால் நடுங்கினால், "இவ்வளவு தூரம் வந்துட்டியே" என்று உசுப்பேற்றாதே. உச்சிக்கு ஏறாததில் குறைச்சல் ஒன்றும் இல்லை. காஞ்சிப் பெரியவர், மலையே லிங்கம் என்று அதன்மேல் கால் வைக்காமல் சுற்றி மட்டும் வந்தார் என்று இங்கே சொல்வார்கள். மார்கழி முதல் தேதி ஜனங்களும் கிரிவலம் வருகிறார்கள். பாதியில் நின்றவன் தனியாக இறங்க வேண்டாம், உங்களில் ஒருத்தன் துணைக்கு வரணும். அந்த ஒருத்தன் நீயாக இருந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்னாடியே சொல்லு. இட்லிக்கு மாவு அரைக்கணும். அந்த வடநாட்டுப் பையன் காரம் சாப்பிடுவானா?

அம்மா