அலமாரிக்கும் வேண்டும் காற்றுப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லியின் காற்று மாசு குறித்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழுதப்படும் செய்திகள் பெரும்பாலும் வாசற்படியோடு நின்றுவிடுகின்றன. தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதும், கீர்த்தி நகரில் புது அலமாரியோ கட்டிலோ வாங்கிப் போடுவதும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டன. அடுத்த சில வாரங்களிலேயே புகைமூட்டத்துக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிடுகிறோம். புதுப் பொருள்கள் மிகுதியாக வாயுக்களை வெளிவிடும் காலமும் காற்றோட்டமே இல்லாத காலமும் இப்படி ஒன்றாக வந்து சேர்கின்றன.

அலமாரி, கட்டில் செய்யப் பயன்படும் துகள் பலகை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) போன்றவற்றில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையே சேர்க்கப்படுகிறது. அதிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. வீட்டுக்குள் அதன் அளவு, 30 நிமிடச் சராசரியில், கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2010-இல் தந்த வழிகாட்டுதல். நாம் நம்பியிருக்கும் ஏர் பியூரிஃபையரின் ஹெப்பா வடிகட்டி நுண்துகளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதில் பச்சை விளக்கு எரிவதும் பொதுவாக பி.எம். 2.5 எனும் நுண்துகளின் அளவை வைத்துத்தான்.

பெயிண்ட் டப்பாவில் காணும் 'லோ வி.ஓ.சி.' என்ற வாசகமும் முழு உறுதி தருவதில்லை. ஆவியாகும் கரிமப் பொருள் (வி.ஓ.சி.) லிட்டருக்கு எத்தனை கிராம் கலந்திருக்கிறது என்பதையே அது பொதுவாகக் குறிக்கிறது. அறைக் காற்றில் எவ்வளவு கலக்கும் என்பதை அன்று. அதை அறிய, பொருளை மூடிய சோதனைக் கூண்டில் வைத்து, அளவான காற்றைச் செலுத்தி, மூன்றாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் மாதிரி எடுத்து அளக்கும் முறை ஜெர்மனியில் நெடுங்காலமாக உள்ளது. பிரான்சில் கட்டுமானப் பொருள்களுக்கும் பெயிண்டுக்கும் கசிவின் அளவைக் காட்டும் ஏ+ (மிகக் குறைவு) முதல் சி வரையிலான முத்திரை 2012 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அந்தச் சோதனைகள் 23 டிகிரி வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் நடப்பவை. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் ஃபார்மால்டிஹைடு கசிவும் கூடும் என்பதால், அங்கே தேறிய பலகை தில்லியின் ஜூன் மாத வெயிலிலும் ஆகஸ்ட் புழுக்கத்திலும் தேறும் என்று கொள்ள முடியாது. எனவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கசிவுச் சோதனையை வகுத்து, பலகைக்கு மட்டுமன்றி முழுமையாகச் செய்து விற்கப்படும் அலமாரி, கட்டில், மெத்தைக்கும் அதைக் கட்டாயமாக்கி, முடிவை விலைச்சீட்டின் அருகிலேயே அச்சிடச் செய்ய வேண்டும். பள்ளிகளுக்கான அரசுக் கொள்முதல் டெண்டர்களில் இந்த நிபந்தனையை முதலில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விகார், தில்லி