மண்டையோட்டுக் கட்சிக்காரனுக்கு

சாட்ஸ்வர்த், டர்பன்
29 ஜூன் 2025

அன்புள்ள கோவி,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் கால்பந்து அணி பைரட்ஸின் புராணம். மிச்ச அரைப் பக்கத்தில் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று ஒரு வரி, பேரனுக்கு மகராப்பா, அதுதான் ரசிகர்கள் போடும் அலங்காரச் சுரங்கத் தொப்பி, எப்படிச் செய்வது என்று ஒரு கேள்வி. மே 10ஆம் தேதி இங்கே மோசஸ் மபிடா ஸ்டேடியத்தில் நடந்ததைப் பற்றி மட்டும் மூச்சே விடவில்லை. நீ எழுதாததை நானே எழுதிவிடுகிறேன்: நெட்பேங்க் கோப்பை இறுதியாட்டம், எங்கள் கைசர் சீஃப்ஸ் 2, உங்கள் ஓர்லாண்டோ பைரட்ஸ் 1. முதல் கோல் உங்கள் மக்கோபா போட்டதுதான், மறுக்கவில்லை. சிரினோ பெனால்டியில் சமன் செய்தான். வென்ற கோல் யூசுப் மார்ட் அடித்தது. 2015இல் லீக் ஜெயித்ததற்குப் பிறகு பத்து வருஷமாக எங்கள் அலமாரியில் சிலந்திதான் குடித்தனம் நடத்துகிறது என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவாயே, அந்த வரியை இனி வேறு எங்காவது வைத்துக்கொள்.

மார்ட் உங்களுக்கு வைத்தது இது முதல் சூடும் அல்ல. 2022 அக்டோபர் 29, நடுக்கோட்டருகே இருந்து அவன் அடித்த ஒரே கோலில் நம் இரண்டு சொவேட்டோ அணிகளின் டெர்பி முடிந்தது. அதை நீ இன்னும் குருட்டு அதிர்ஷ்டம் என்கிறாய். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தன் அணியிடம் பந்து இருக்கும்போது கோலி பெட்டிக்கோடு வரை ஏறி நிற்பதுதான் இப்போதைய வழக்கம். தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் விழும் பந்தைப் பொறுக்க அது வசதி. நடுமைதானத்தில் பந்து பறிபோகிற நொடியில் அவன் தன் கோலை விட்டு 15, 16 மீட்டர் வெளியே நிற்கிறான். 50 மீட்டரிலிருந்து தூக்கி அடித்த பந்து வந்து விழ மூன்று விநாடி போல ஆகும். அதில் முதல் அரை விநாடி, இவன் கோலுக்கு அடிக்கிறானா முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கிறானா என்று பார்ப்பதிலேயே போய்விடும். அதற்கப்புறம் பந்தையே அண்ணாந்து பார்த்தபடி பின்னால் பின்னால் காலெடுத்து வைப்பவன் தொலைந்தான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கோலை நோக்கி ஓடி, கோட்டருகே வந்த பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். இத்தனையும் தெரிந்து, பந்தை நிறுத்தி யோசிக்காமல் அடிப்பவனுக்குத்தான் அந்த கோல். அதிர்ஷ்டம் என்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவன் போட்டிருக்க வேண்டாமா?

சரி, உன் சட்டையிலுள்ள நட்சத்திரத்துக்கு வருகிறேன். 1995இல் ஐவரி கோஸ்டின் ஆசெக் மிமோசாஸோடு ஜோஹனஸ்பர்கில் 2-2 என்று வழுக்கிவிட்டு, அபிஜானுக்கே போய் ஜெர்ரி சிகோசானாவின் ஒரு கோலில் ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கி வந்தீர்கள். அதற்குத் தலை வணங்குகிறேன். எங்களுக்கு 2001இல் கிடைத்தது கோப்பை வென்றவர்களுக்கான கோப்பை. அந்தப் போட்டியையே பிறகு கலைத்துவிட்டார்கள், அதற்கு யாரும் நட்சத்திரம் தைப்பதில்லை. பெரிய கோப்பையின் வாசல்வரை போய் எகிப்தின் அல் அஹ்லியிடம் அடி வாங்கிய கணக்கில் மட்டும் நாம் சமம்: நீங்கள் 2013, நாங்கள் 2021. எங்களைக் கவிழ்த்த அஹ்லிக்குப் பயிற்சியாளர் நம் ஊர் பிட்சோ மோசிமானே என்பது கூடுதல் எரிச்சல்.

லீக்கிலும் சமம்தான். 1996இல் நம் நாட்டின் முதல் பிரிவு லீக்கான பிஎஸ்எல் தொடங்கியதிலிருந்து உங்களுக்கு நாலு (2001, 2003, 2011, 2012), எங்களுக்கு நாலு (2004, 2005, 2013, 2015). நாம் இரண்டு பேரும் அப்பத்துக்கு அடித்துக்கொண்ட பூனைகள். தராசைப் பிடித்த குரங்கு மமெலோடி சன்டவுன்ஸ். எட்டு வருஷமாகத் தொடர்ந்து அதுவே தின்றுகொண்டிருக்கிறது. இந்த மாதம் 21ஆம் தேதி கிளப் உலகக் கோப்பையில் ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு எதிராக லூகாஸ் ரிபெய்ரோ தன் பாதியிலிருந்தே பந்தை ஓட்டிக்கொண்டு போய் அடித்த கோலைப் பார்த்தாய்தானே? 4-3 என்று தோற்றார்கள். ஆனாலும் அந்த கோலை நம் இரண்டு கட்சியில் யாரும் போடப்போவதில்லை. இது நமக்குள் இருக்கட்டும்.

‘சீஃப்ஸ் எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று நீ குத்திக்காட்டியதை நான் மறுக்க முடியாது. கைசர் மொட்டாங் உங்கள் ஆட்டக்காரர்தான். 1968இல் அமெரிக்காவில் அட்லாண்டா சீஃப்ஸுக்கு ஆடப் போனார். 1970 ஜனவரியில் இங்கே சொந்தமாக ஒரு அணியைக் கட்டி, அந்தப் பெயரையும் தலைவன் முகச் சின்னத்தையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். தனிக்குடித்தனம் போன பிள்ளை அப்பன் வீட்டுக்கே சவால் விட்ட கதை. அதனால்தான் நீங்கள் முன்னங்கை இரண்டையும் குறுக்கே பிணைத்துக் காட்டுகிறீர்கள், நாங்கள் இரண்டு விரலைத் தூக்கிச் சமாதானம் என்கிறோம். சண்டை உங்கள் பக்கம்தான் ஆரம்பம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆட்டக்காரர் வரிசையில் நீ உங்கள் ஜோமோ சோனோவை முதலில் வைத்தாய், எங்கள் டாக்டர் குமாலோவைப் பத்தாம் இடத்துக்குத் தள்ளினாய். குமாலோவின் குறை எனக்குத் தெரியும். ஓட்டம் குறைவு, பந்து போனால் திரும்பி வந்து பறிக்க மாட்டார். ஆனால் பந்தை வாங்கும் முன்பே எதிராளியின் எந்தக் காலில் எடை இருக்கிறது என்று பார்த்துவிடுவார். எடை தாங்கிய கால் நகராது. பந்து அந்தப் பக்கமாகத்தான் போகும். இரண்டு கால் நடுவே ஒரு ஷிபோபோ விட்டு அரங்கத்தைச் சிரிக்கவைப்பது பிறகு. 1992 ஜூலை 7, நிறவெறிக்காக விழுந்த தடை நீங்கி நாடு ஆடிய முதல் சர்வதேச ஆட்டம், இந்த டர்பனில் கிங்ஸ் பார்க்கில், கேமரூனுக்கு எதிரே. 1-0, பெனால்டி, அடித்தவர் அவர். அந்தப் பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்த காலுக்குப் பத்தாம் இடமா?

ஆனால் என் முதல் இடம் இருவருக்கும் இல்லை. ஏஸ் ந்ட்ஸோவெலெங்கோவேக்கு. சோனோ பந்தைப் பார்க்காமலே கொடுப்பார்; குமாலோ பந்தை ஒளித்துவைப்பார்; ஏஸ் பந்து இல்லாமலே ஆடுவார். நடுவிலிருந்து யாரும் கவனிக்காமல் ஓடி, பந்து பெட்டிக்குள் வரும் நேரத்துக்குச் சரியாக அங்கே நிற்பார். ஆண்டில் ஒரு பாதி மினசோட்டா, டொராண்டோ என்று வட அமெரிக்க லீக், மறுபாதி சீஃப்ஸ். 2003இல் அமெரிக்கர்கள் தங்கள் கால்பந்துப் புகழ்மண்டபத்திலேயே அவரைச் சேர்த்தார்கள். நாட்டுச் சட்டையில் மட்டும் அவரை உலகம் பார்க்கவில்லை: நம் நாட்டுக்கு 1964இல் இடைநீக்கம், 1976இல் ஃபிஃபாவிலிருந்தே வெளியேற்றம், திரும்பச் சேர்த்தது 1992இல். அவர் காலம் முழுக்க அந்த இடைவெளிக்குள் போய்விட்டது. இந்தக் காலத்து ஆளில் உங்கள் மொஃபோகெங்கைப் பிடித்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அரைத்திருப்பில் பந்தை வாங்குகிறான். ஒரு தட்டு அதிகமாக வைத்துக்கொள்கிறான், அது வயசுக் கோளாறு.

இப்போது உன் கடிதத்தில் உறைத்த கேள்விக்கு. ‘லெனேசியாவிலிருந்து சொவேட்டோ எனக்குப் பக்கத்து ஊர். டர்பன்காரன் உனக்கு அந்தச் சண்டையில் என்ன வேலை?’ வேலை இல்லைதான். எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது, அது போனதால்தான் நான் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். நம் இந்திய வம்சாவளிக்காரர்கள் 1903இலேயே சாம் சைனா கோப்பைக்கு மாகாணம் மாகாணமாக மோதியவர்கள். 1961இல் நிறம் பார்க்காத தொழில்முறை லீக் ஒன்று தொடங்கியபோது டர்பன் ஏசஸ் யுனைடெட், அவலான் அத்லெட்டிக் எல்லாம் இங்கே கரிஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடின. மைதானம் தராமல் தராமலே 1966க்குள் அந்த லீக்கின் கழுத்தை நெரித்தார்கள். அப்புறம் 1969இலிருந்து ஃபெடரேஷன் லீக்.

அந்த மண்ணில் முளைத்ததுதான் மானிங் ரேஞ்சர்ஸ். 1928இல் தொடங்கிய அணி. டர்பனின் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்து இந்த மலைச்சரிவுகளில் கொண்டுவந்து கொட்டப்பட்ட சாட்ஸ்வர்த்துக்கு ‘இது என்னுது’ என்று சொல்லிக்கொள்ள இருந்த அணி. பிஎஸ்எல்லின் முதல் பட்டம், 1996-97, யாருடையது? சீஃப்ஸுடையதும் அல்ல, பைரட்ஸுடையதும் அல்ல. கோர்டன் ஈகெசுண்ட் பயிற்சி, முன்னால் நெடியவன் கூமான்டராகிஸ். ஈகெசுண்ட் பிறகு உங்களுக்கும் சாண்டோஸுக்கும் சன்டவுன்ஸுக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். நாலு அணிக்கு லீக் வென்றவர், முதல் கணக்கு எங்கள் தெருவில்.

அப்புறம் நடந்தது நம் லீக்கின் பழைய நோய். இங்கே ஓர் அணி மேல் பிரிவில் ஆடும் உரிமை, கடை லைசென்ஸ் மாதிரி கைமாறும். வாங்கியவன் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். சின்ன அணிக்கு வாசல் வசூல் கையளவு. நல்ல ஆட்டக்காரனை விற்றுத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். விற்றால் கீழே இறங்கும். இறங்கினால் ஸ்பான்சர் ஓடுவான். கடைசியில் உரிமையையே விற்க வேண்டும். ரேஞ்சர்ஸின் உரிமை கேப் டவுனுக்குப் போயிற்று. 2020இல் விட்ஸ், 2021இல் புளூம்ஃபொன்டைன் செல்டிக், எல்லாம் அதே வழி. ரசிகனிடம் மிஞ்சுவது பழைய மஃப்ளர்.

ஆனால் ஒரு சேதி. மாரிட்ஸ்பர்க் யுனைடெட்தான் இப்போது டர்பன் சிட்டி. இந்த வருஷம் கீழ்ப்பிரிவை ஜெயித்து மேலே வருகிறது, ஆட்டம் சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்தில். இதுவும் பெயர் மாறி ஊர் மாறி வந்த பிள்ளைதான், தெரியும். இன்னொரு ஊரின் இழப்பில் நமக்கு விருந்து. இருந்தும் உங்கள் பைரட்ஸ் இங்கே வரும்போது நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சீஃப்ஸ் வரும்போதுதான் தர்மசங்கடம்.

இனி மகராப்பா. இதைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பலோயி சீஃப்ஸ் ரசிகர் என்பதைப் பேரனுக்குச் சொல்லிவிட்டு ஆரம்பி. 1979, அரங்கில் பறந்து வந்த பாட்டில் ஒரு ரசிகன் தலையில் பட்டதைப் பார்த்துத்தான் சுரங்கத் தொப்பியைக் கையில் எடுத்தார்.

பிளாஸ்டிக் தொப்பியாக வாங்கு. ஃபைபர் தொப்பி சூட்டில் வளையாது, அறுத்தால் வரும் தூள் தொண்டையைப் பிடுங்கும். உள்ளேயுள்ள தலைப்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மார்க்கரால் படம் வரை: உங்கள் சின்னத்திலுள்ள மண்டை ஓடு, எலும்பு, என்ன வேண்டுமோ. பட்டை மாட்டும் நாலு துளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு எதுவும் அறுக்காதே. மெல்லிய பல் உள்ள ஜிக்சாவால் உருவத்தின் மூன்று பக்கம் மட்டும் அறு. அடிப்பக்கம் 4 சென்டிமீட்டராவது ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் கீல். அதைவிடக் குறுக்கினால் முதல் ஆட்டத்திலேயே காது ஒடியும். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் கீலின் மேல் இப்படியும் அப்படியும் ஓட்டு. பிளாஸ்டிக் லேசாகப் பளபளக்கும்போது தடிமனான கையுறை போட்டு மடக்கி, ஈரத்துணியை வைத்து ஒரு நிமிஷம் பிடித்துக்கொள். சூடு பத்தாமல் மடக்கினால் வெள்ளைக் கோடு விழும், இரவோடு இரவாகப் பழையபடி படுத்துவிடும். அதிகமானால் கொப்புளம்.

எல்லாரும் கோட்டை விடுவது பெயிண்டில். இந்தப் பிளாஸ்டிக் வழவழப்பானது, எனாமல் அதில் பிடிக்காது. இரண்டாவது வாரம் வெங்காயத் தோல் மாதிரி உரியும். 240ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் பளபளப்பு சாகும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு கை. காய்ந்ததும் மெல்லிசாக இரண்டு கை எனாமல், நடுவில் ஒரு நாள் இடைவெளி. தடிப்பாக ஒரே கை அடித்தால் வழிந்து, மண்டை ஓடு அழுவது போல இருக்கும். உங்கள் அணிக்கு அது பொருத்தம் என்றாலும் பையன் பாவம். முன்பக்கம் அலங்காரம் கூடினால் தொப்பி கண்ணில் இறங்கும், பின்பக்கமும் அதே எடைக்கு ஏதாவது வை. அறுத்த பிறகு அது வேலைத்தளத்துக்கு ஆகாது; தப்பித்தவறி யாரும் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடப் போகிறார்கள்.

பையனை டெர்பிக்கு எஃப்என்பி ஸ்டேடியம் கூட்டிப் போவதானால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிடு. 1991 ஆர்க்னியில் 42 பேர், 2001 எல்லிஸ் பார்க்கில் 43 பேர் நெரிசலில் செத்தார்கள், இரண்டும் நம் இரண்டு கட்சியின் ஆட்டம். எல்லிஸ் பார்க்கில் உள்ளே ஆட்டம் நடக்கும்போது வெளியே நின்ற கூட்டம் நெருக்கியது. கோல் விழுந்தால் எழும் ‘லடூமா’ சத்தம் கேட்டால் வாசலில் இருப்பவன் கால் நிற்காது. வுவுஸெலா ஊதுகுழலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் பையன் காதில் பஞ்சு போதாது, நுரை அடைப்பான் வாங்கிக் கொடு.

கடைசியாக ஒன்று. எங்கள் மஞ்சள் பெயிண்டின் மேல் கறுப்பு ஒரே கையில் மூடிவிடும். உங்கள் கறுப்பின் மேல் மஞ்சள் மூன்று கை அடித்தாலும் பச்சையடித்துத் தெரியும்; நடுவில் வெள்ளை அடிப்பூச்சு கட்டாயம் வேண்டும். உங்கள் அணி நிறம் கறுப்பு வெள்ளைதானே, உன் வீட்டில் வெள்ளை எப்போதும் இருக்குமே, ஒரு டப்பா எடுத்து வை. பேரனுக்குப் புத்தி வரும் வயசுதான்.

அன்புடன்,
மணி