முகத்துவாரத் தகடு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முகத்துவாரத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கு நாங்கள் செய்துகொடுத்த, இயந்திரத்தின் விவரமும் தொடரிலக்கமும் பொறித்த அலுமினியத் தகட்டின் படம் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்களின் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பார்த்திருப்பீர்கள். "உப்புப் பெட்டியில் 500 மணித்தியாலம் வைத்ததாம், எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை, சும்மா சீட்டு எழுதுகிறார்கள்" என்று கீழே போட்டிருக்கிறார்கள். உப்புப் பெட்டி என்பது, தகடு அரிபடாமல் தாங்குகிறதா என்று உப்புநீர் தூவி நாங்கள் சோதிக்கும் பெட்டி. சீட்டு என்பது அந்தச் சோதனைக்கான சான்றிதழ். தகடு கெட்டது உண்மை. ஆனால் சோதிக்காமல் இந்தக் கடையிலிருந்து ஒரு சீட்டும் போனதில்லை. "சும்மா" என்ற அந்தச் சொல்தான் மனதைச் சுட்டது.

நேரில் போய்ப் பார்த்தேன். நடுவில் எழுத்தெல்லாம் தெளிவாகவே இருந்தது. நான்கு மூலைத் திருகாணிகளையும் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஒரு மூலை விரலால் தட்டவே உதிர்ந்தது. தொடரிலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்களும் அதோடு போய்விட்டன. திருகாணி பித்தளை. அலுமினியமும் பித்தளையும் தொட்டுக்கொண்டு இடையில் உப்புநீர் நின்றால், அரிபடுவது அலுமினியம்தான்.

பெட்டியில் இது ஏன் தெரியவில்லை? ஐ.எஸ்.ஓ. 9227 என்ற சர்வதேச உப்புத்தூவல் சோதனை முறைப்படி 5 சதவீத உப்புக் கரைசலை 35 பாகை வெப்பத்தில் இரவுபகலாகப் பனிபோலத் தூவுகிறோம். தகடு வேறு உலோகம் எதையும் தொடாமல் பிளாஸ்டிக் தாங்கியில் சாய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. 500 மணித்தியாலம் என்றால் ஏறக்குறைய 21 நாள். 80 சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லிலீட்டர் விழுகிறதா என்று புனலில் சேர்ந்ததை அளந்து காலைதோறும் எழுதிய கொப்பி மேசையில் இருக்கிறது. யாரும் வந்து புரட்டலாம்.

சரி, திருகாணி இல்லாமல் சோதித்த தகடு அது. எதால் பூட்டப்போகிறீர்கள் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதற்கு மன்னியுங்கள். அந்த ஐஸ் தொழிற்சாலைக்கு, இரண்டு உலோகமும் தொடாதபடி நைலோன் வொஷர் வைத்துப் புதுத் தகடு காசில்லாமல் பூட்டிக்கொடுத்தாயிற்று.

"500 மணி என்றால் எத்தனை வருஷம்?" என்று பலர் கேட்கிறீர்கள். அப்படிக் கணக்குப் போட முடியாது. பெட்டிக்குள் எப்போதும் ஈரம். காலிமுகத்திடல் பக்கம் உப்பு வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, திரும்பக் காயும். ஒரு தகட்டை இன்னொன்றோடு ஒப்பிடவும், அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் உண்டாக்கும் அனடைஸ் என்ற காப்புப் பூச்சில் குறை இருந்தால் பிடிக்கவும்தான் இந்தச் சோதனை. இனி நீங்கள் பூட்டும் அதே திருகாணியோடு இன்னொரு துண்டையும் பெட்டியில் வைப்போம்.

கொப்பி எழுதிவந்த தம்பி போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டார். அதனால் சீட்டுக் கிடைக்க ஒரு வாரம் கூடும். மின்கட்டணத்தால் அடுத்த மாதம் முதல் விலையும் 12 சதவீதம் கூடுகிறது.

2022 மின்வெட்டில் பெட்டி நின்று நின்று, சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தபோதெல்லாம் பொறுத்திருந்தவர்கள் நீங்கள். படம் வந்த அன்றே போன் எடுத்து "நடந்தது என்ன அண்ணே" என்று எங்களிடமே கேட்டவர்களையும் மறக்கமாட்டோம்.

பழைய தகடுகளைப் பித்தளையில் பூட்டியிருந்தால் கடைக்கு வாருங்கள், வொஷர் இலவசம். ஓடர் தரும்போது தகடு எங்கே, எதால் பூட்டப்படும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நன்றியுடன்,
உரிமையாளர்
ஆமர் வீதி, கொழும்பு