சிங்குலர் நீட்டிப்பு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள கணேசன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் ஆட்டக் குறிப்பும் கிடைத்தன. உங்கள் சதுரங்க எஞ்சின், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல், ஏ7 கட்டத்துச் சிப்பாயை பிஷப்பால் வெட்டி, கருப்பு பி6 ஆடி வழியை அடைத்த பிறகு, சிக்கிய பிஷப்பைக் காப்பாற்றுவதாக எண்ணி இரண்டு சிப்பாய்களை வீணே பலிகொடுத்திருக்கிறது. கணினிச் சதுரங்க ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் 1973-இல் எழுதிய ‘அடிவான விளைவு’ இதுதான்: தேடல் ஆழத்துக்கு அப்பால் தள்ளிய இழப்பை, தவிர்த்துவிட்டதாக எஞ்சின் எண்ணிக்கொள்கிறது. எட்டாவது அரை நகர்த்தலில் (ஒரு பக்கம் ஒருமுறை ஆடுவது ஓர் அரை நகர்த்தல்) வர வேண்டிய இழப்பு, இடையில் ஒரு சிப்பாயைக் கொடுத்து அதை எதிரி வெட்டியதும் பத்தாவதற்குத் தள்ளிப்போகிறது. எட்டோடு நிற்கும் தேடலுக்கு அது தெரிவதேயில்லை. மொத்த ஆழத்தைக் கூட்டினாலும் எஞ்சின் இன்னொரு சிப்பாயைத் தேடிக்கொள்ளும்.

செக் வரும் கிளைகளை மட்டும் கூடுதல் ஆழத்துக்குத் தேடும் செக் நீட்டிப்பை நீங்கள் முன்பே சேர்த்துவிட்டீர்கள். ஆனால் இங்கே இழப்பைத் தள்ளிப்போட்டவை செக்குகள் அல்ல. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அனந்தராமன், கேம்ப்பெல், ஸூ ஆகிய மூவரும் ‘டீப் தாட்’ என்ற சதுரங்க இயந்திரத்துக்காக உருவாக்கி 1988-இல் விவரித்த சிங்குலர் நீட்டிப்பே உங்களுக்குத் தேவை. ஒரே ஒரு நகர்த்தல் மற்றெல்லாவற்றையும் விடத் தெளிவாக மேலானதாக இருந்தால், அந்தக் கிளையை மட்டும் கூடுதலாக ஆராய்வது அதன் சாரம். பலிச் சிப்பாயை வெட்டும் பதில் பெரும்பாலும் அப்படிப்பட்டதே.

அவர்கள் முறை செலவு மிக்கது. இன்று ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் செய்வது எளிது: ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளின் முடிவுகளை வைத்திருக்கும் நிலைப் பட்டியலில் சேமித்திருக்கும் சிறந்த நகர்த்தலை விலக்கிவிட்டு, மீதியை ஏறக்குறைய பாதி ஆழத்தில், சேமித்த மதிப்பைவிடச் சற்றுக் குறைந்த எல்லையை வைத்துத் தேடுகிறது. எதுவும் அந்த எல்லையைத் தொடவில்லை என்றால் விலக்கிய நகர்த்தலுக்குக் குறைந்தது ஓர் அரை நகர்த்தல் ஆழம் கூடுகிறது. அந்த எல்லையே பீட்டாவுக்கு (இதைத் தாண்டும் நிலைக்கு எதிரி வழிவிடமாட்டார் என்ற மேல் வரம்பு) மேல் இருந்து, மற்றொரு நகர்த்தலும் அதைத் தாண்டினால் அந்தக் கிளையை மேலும் தேடாமலே விட்டுவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனெனில் நீட்டிப்புக்காகச் செலவழித்த நேரத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது.

சிறந்த நகர்த்தலை விலக்கிச் செய்த தேடலின் முடிவை, பட்டியலில் அதே நிலையைக் குறிக்கும் சாவியில் சேமித்துவிடாதீர்கள், பட்டியல் கெட்டுவிடும். ராணிகள் நிற்கும் திறந்த ஆட்டங்களில் செக்குக்கு மேல் செக் வந்து தேடல் மரம் வீங்கும் என்பதால், வேரில், அதாவது தேடல் தொடங்கும் நிலையில், வைத்த ஆழத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டியதும் எந்த நீட்டிப்பையும் அனுமதிக்காதீர்கள்.

இந்த ஒரு நிலை சரியானதை வைத்து முடிவு செய்யாமல், பழைய பதிப்போடு ஒரே நேரக் கட்டுப்பாட்டில் சில ஆயிரம் ஆட்டங்களாவது ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
இராகவன்