உன்னை யார் பேசச் சொன்னது?

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அலுவலகக் கூட்டத்தில் உன் தோழிக்காக எழுந்து பேசியிருக்கிறாய். வெளியே வந்ததும் அவள், "உன்னை யார் பேசச் சொன்னது?" என்று கேட்டுவிட்டாளாம். அவளைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, உன் மனவருத்தத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாயே கண்ணு, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அவள் கோபம் நியாயம். தான் அருந்ததியர் என்பதை யாரிடம், எப்போது சொல்வது என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்திருப்பாள். அதை நீ எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாய். கைதட்டல் உனக்கு, மறுநாளிலிருந்து ஒரு மாதிரியான பார்வை அவளுக்கு. நல்லது செய்யப் போகிறவர்கள் மனதுக்குள் ஒரு கூலியையும் எதிர்பார்த்துக்கொண்டுதான் போகிறோம். "நீ மற்றவர்களைப் போல இல்லை" என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மூக்கின்மேல் கோபம் வருகிறது.

அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் இன்னொரு ஆபத்து. 2001-இல் மோனின், மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெண்களை மட்டம் தட்டும் வாசகங்களைச் சிலரிடம் கொடுத்து, "இது தவறு" என்று மறுக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். பிறகு ஒரு வேலையைச் சொல்லி, ஆணுக்குப் பொருந்துமா பெண்ணுக்கா என்று கேட்டார்கள். முன்பு மறுத்துப் பேசியவர்களே கூச்சமில்லாமல் ஆண் பக்கம் சாய்ந்தார்களாம். நான்தான் நல்லவன் என்று காட்டியாகிவிட்டதே, இனி என்ன என்கிற தைரியம்!

நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டாம். உன் அம்மாயி வீட்டில் கட்டுத்தரைச் சுவர் மாடத்தில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். பண்ணையத்துக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் காபி. இன்று அப்படி யார் வைக்கிறார்கள் என்று எல்லாரும் பெருமையாகக் கேட்கிறார்கள். ஆனால் ஒயரிங் வேலைக்கு வரும் பையன் "நம்ம ஆளுங்க" இல்லை என்று தெரிந்தால், காபி காகிதக் கப்பில் வருகிறது. கேட்டால், கழுவுகிற வேலை மிச்சமாம். வீட்டுக்காரர்கள் குடித்த எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவாமலா விடுகிறார்கள்?

1924-இல் ஈரோட்டிலிருந்து பெரியார் வைக்கம் போனாரே, அங்கே தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தை நடத்தியவர்கள் சிறைக்குப் போய், வரச்சொல்லி எழுதிய பிறகுதான் போனார். போனவர் பேசிவிட்டு ரயில் ஏறவில்லை, சிறைக்கும் போனார். நம் கோபிசெட்டிபாளையம் லட்சுமண ஐயர் குடும்பம் தலித் மக்களுக்குத் தண்ணீர் கொடுத்ததற்காகச் சொந்தபந்தங்களே அவர்களைத் தள்ளி வைத்தார்கள். பின்னாளில் நகராட்சித் தலைவராகிக் கையால் மலம் அள்ளும் வழக்கத்தை நிறுத்தியவரும் அவர்தான். அவருக்கு இழப்பு வந்தது சொந்தச் சாதிக்குள்ளிருந்து. அந்த இடத்தில் அவர் பேச யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

உனக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. திருப்பூரில் உன் மாமாவின் லைன் வீடுகளில் ஒன்று காலியாக இருக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி கேட்டு வந்தார்கள். "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாவி இன்னும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. கூட்டத்தில் எழுந்து பேசிய வாய் மாமாவிடமும் பேசட்டுமே. அங்கே உனக்குக் கைதட்ட ஆள் இருக்காது.

தோழியிடம் ஒரு வரியில் மன்னிப்புக் கேள். உன் அழுகையை அவளிடம் கொண்டுபோகாதே, ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழும். அடுத்த முறை, "நான் என்ன செய்யட்டும்?" என்று முன்பே கேள். "ஒன்றும் வேண்டாம்" என்றால் பேசாமல் இரு.

பொங்கலுக்கு மாமா குடும்பத்தோடு வருகிறார். நீ பேச்சை எடு, நானும் பக்கத்தில் உட்காருகிறேன். உன் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா